தள்ளிநில் டீச்சரும் ஒரு கண்ணாடிச் சில்லும்

வைரஸைவிட மனிதர்களுக்கு அதிகம் பயந்த வைரஸ் ஆராய்ச்சியாளர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தள்ளிநில் டீச்சர். உண்மைப் பெயர் அவர் அறைக் கதவில் பித்தளைப் பலகையில் இருந்தது. அதைப் படிக்கிற தூரத்துக்கு யாரும் போனதில்லை.

நாகர்கோவில்காரனான நான், திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்து வைரஸ் ஆய்வுக்கூடத்தில் சில வருஷம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். டீச்சர் அங்கே பேராசிரியர். ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு. ஆரியசாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டில் எல்லோரும் மூட்டைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். இவர் மட்டும் எப்படி இப்படி ஆனார் என்று அவர்களுக்கே புரியவில்லை.

லிஃப்டில் யாராவது ஏறினால் டீச்சர் இறங்கிவிடுவார். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கல்யாணம். பந்தல் வாசலில் நின்றபடியே மணமக்கள் இருந்த திசையில் அட்சதையை வீசினார். அது புரோகிதர் தலை வரைதான் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் எப்போதும் இரண்டு டிக்கெட் எடுப்பார்.

"மற்றே சீட்டு ஆர்க்கா டீச்சரே?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டார்.

"காற்றுக்கு" என்றார் டீச்சர். பட்டம் ஸ்டாப் வரை அந்தக் காற்றை உட்காரவைத்தே கூட்டிப் போனார்.

இடுப்பில் ஒரு ஸ்பிரிட் பாட்டில் தொங்கும். கை குலுக்க வந்தவர்களுக்கு அதிலிருந்து இரண்டு பீய்ச்சல். துணைவேந்தருக்கும் கிடைத்திருக்கிறது.

எங்கள் வேலை சிக்குன்குனியா வைரஸோடு. மாடியில் ஒரு குழு அதன் உருவத்தைக் கணினியில் வரைந்து வைத்திருந்தது. பார்க்கப் பலாப்பழம் மாதிரி உடம்பெல்லாம் முள். அந்த முள்தான் நம் செல்லில் போய் ஒட்டுகிறது. ஒட்டுகிற இடத்தில் ஆப்பு மாதிரி போய் உட்காரும் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாடியில் ஒவ்வொரு மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். கீழே நான் அதை வைரஸோடு கலந்து, உயிருள்ள செல்கள் மேல் விட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் வைரஸ்தான் ஜெயிக்கும்.

அன்று காலை வந்த மூலக்கூறின் மேல் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக, வைரஸ் ஏறிய செல்கள் ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடித் துண்டை இடுக்கியால் எடுத்தேன். அது சட்டென்று உடைந்தது. ஒரு சில்லு இரண்டு கையுறைகளையும் தாண்டி விரலில் ஏறியது. கையுறைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாகப் பெரிதானது.

பக்கத்து மேஜையிலிருந்த ஷிபு, "டீச்சரே!" என்று அலறினான்.

டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

"கணேஷே, பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லை. கையுறையைக் கழற்று. சோப்பு போட்டுக் கழுவு. நான் மதி, போதும்னு சொல்ற வரை குழாயை மூடாதே, கேட்டோ."

அவர் சொல்லவே இல்லை. தொட்டித் தண்ணீர் தீர்ந்துவிடும் போலிருந்தது.

சிக்குன்குனியா வந்தால் பொதுவாக ஆள் சாவதில்லை. மூட்டு மூட்டாக மடக்கிப் போடும், அவ்வளவுதான். ஆனால் கரமனையில் எங்கள் வாடகை வீட்டில் என் மனைவி சுதா நிறைமாதமாக இருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்து, என்னைக் கடித்த கொசு பிறகு அவளைக் கடித்து, பிரசவ நேரத்தில் அவள் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் அது குழந்தைக்குப் போகும். பிறந்த குழந்தையின் மூளையை அது என்ன செய்யும் என்பதை நானே ஒரு கருத்தரங்கில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தப் படங்கள் இப்போது கண்ணை விட்டுப் போக மறுத்தன.

"வீட்டுக்குப் போக வேண்டா. கெஸ்ட் ஹவுஸ்ல இரு" என்றார் டீச்சர். வளாக மருத்துவரும் அதையே சொன்னார்.

விருந்தினர் அறை ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தார்கள். கட்டிலுக்கு ஒரு கொசுவலை. நட்டநடுப் பகலில் அதற்குள் உட்காரச் சொன்னார் டீச்சர். "இது பகல்ல கடிக்கிற ஜாதி. மறந்துபோயோ?"

முதல் நாளே அறைக்குள் ஒரு கொசு புகுந்துவிட்டது. டீச்சர் முகக்கவசத்தோடு கரண்ட் பேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பேராசிரியர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி, அலமாரி மேல் எட்டி, கடைசியில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கி நின்ற காட்சியை வலைக்குள்ளிருந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரிக்கப் பயமாகவும் இருந்தது. 'டப்' என்றதும் அதன் உடலைத் தாளில் ஏந்தி லென்ஸால் பார்த்தார்.

"ஆம்பளைக் கொசு. இது கடிக்காது. பாவம்" என்றார்.

சுதாவிடம் விஷயத்தை அவரே போனில் சொன்னார். பிறகு சுதா என்னைக் கூப்பிட்டாள்.

"உடம்பு சுடுதா? உள்ளதைச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லட்டி. நல்லா இருக்கேன்."

"அந்த டீச்சர் தெனமும் கூப்பிட்டுச் சொல்லுகேன்னு சொல்லியிருக்கு. நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க."

சில நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை கண் விழித்தபோது உடம்பு கனத்தது. தெர்மாமீட்டரைப் பார்த்த டீச்சர் அதை உதறிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். மறுபடியும் காய்ச்சல்தான். ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

அரை மணி நேரத்தில், பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த மாமியாரின் போன். சுதாவுக்கு வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நான் வலையைக் கிழிக்காத குறையாக வெளியே வந்து செருப்பைத் தேடினேன். டீச்சர் வாசலில் நின்றார்.

"வழி விடுங்க டீச்சர்."

"எவிடே போற?"

"அவ பக்கத்துல நான் இருக்கணும். எனக்கு எதுவும் இல்லை. இது வெறும் ஜலதோஷம்."

"ஜலதோஷம் ஆயிருக்கும். ரிசல்ட் வரட்டும். இப்ப உனக்கு வைரஸ் இருந்து, அங்கே உன்னை ஒரு கொசு கடிச்சா, அது கொஞ்ச நாள் கழிச்சு யாரைக் கடிக்கும்? அந்த வார்டுல எத்தனை பிள்ளைங்க உண்டு? உன் பிள்ளையும் அதுல ஒண்ணு அல்லே?"

நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல். டீச்சர் முகக்கவசத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"நான் போறேன்" என்றார்.

"நீங்களா? டீச்சர், அங்கே ஒரே கூட்டமா இருக்கும்."

"அறியாம், எனக்குத் தெரியும். அதைச் சொல்லாதே" என்றவர் கிட்டத்தட்ட ஓடினார்.

அடுத்த சில மணி நேரம் என் வாழ்க்கை முழுவதும் ஒரு போனுக்குள் இருந்தது. டீச்சர் ஆராய்ச்சிக் குறிப்பு வாசிப்பதைப் போலவே பேசினார். "சுதா உள்ளே. நாடி சரி. உன் மாமியார் அழறாங்க, சாயா வாங்கிக் கொடுத்தேன். இங்கே ஒரு நர்ஸை ரெண்டாம் தடவை கை கழுவ வச்சேன். கோபப்பட்டா. படட்டும்."

அடுத்த போனில் அந்தக் குரல் இல்லை. "கணேஷே, குழந்தையோட நெஞ்சுத்துடிப்பு குறையுதாம். ஆபரேஷன். தியேட்டருக்குக் கொண்டுபோறாங்க. இப்ப பேச முடியாது." அவ்வளவுதான்.

பிறகு போன் வரவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, தெரியாத சாமிகளுக்குப் போயிருந்தேன். வலைக்கு வெளியே ஷிபு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் போன் அடித்தது. டீச்சரின் குரலுக்கு முன்னால் ஒரு வீறிடல் கேட்டது.

"கேட்டியா? பெண் குழந்தை. நல்ல சத்தம். சுதாவும் சுகம்." பிறகு மூக்கை உறிஞ்சும் ஒலி. "இங்கே ஏசி ஜாஸ்தி. அதான்."

போனை எடுக்காததன் காரணம் சுதா சொல்லித்தான் பின்னால் தெரிந்தது. தியேட்டர் கதவு வரை அவள் டீச்சரின் கையை விடாமல் பிடித்திருந்தாளாம். நர்ஸ் "நீங்க ஆரா?" என்று கேட்டதற்கு டீச்சர் "இவளுடெ சேச்சி" என்றாராம், அக்கா என்று. பிறகு மயங்கப் பார்த்த என் மாமியாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த நெரிசலில், கதவு திறக்கிறவரை உட்கார்ந்திருந்தார்.

என் ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது. வெறும் ஜலதோஷம்தான். டீச்சர் நம்பவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டாவது சோதனையும் செய்து, அதிலும் இல்லை என்று தெரிந்த பிறகே என்னை விட்டார். மகளை முதன்முதலில் கையில் வாங்கி முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். அவளோ கொட்டாவி விட்டாள்.

அந்த மூலக்கூறு தோற்றுப்போனது. வைரஸோடு சேர்த்துச் செல்லையும் கொன்றது. "இது இல்லேங்கில் அடுத்தது" என்று டீச்சர் மாடிக்குச் சொல்லி அனுப்பினார். நான் பட்டம் வாங்கிய பிறகு எழுத்துப் பக்கம் வந்துவிட்டேன். அவர் இன்னும் அடுத்தது, அதற்கடுத்தது என்று தேடிக்கொண்டிருக்கிறார். லிஃப்டிலிருந்து இன்னும் இறங்குகிறார். ஏன் இப்படி என்று சுதா ஒருமுறை கேட்டே விட்டாள். "சின்ன வயசுலேர்ந்தே அங்ஙனெதான்" என்றார். வேறு கதை எதுவும் இல்லை.

மகளுக்குக் காய்ச்சல் என்றால் இப்போதும் டாக்டருக்கு முன்னால் டீச்சருக்குத்தான் போன் செய்கிறேன். அவர் வைத்தியம் பார்ப்பவர் இல்லை. ஆனால் "பேடிக்காதே கணேஷே" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டதும் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. குழந்தைக்கு அல்ல, எனக்கு.