ஆட்டுத்தோல் சட்டை போட்ட விளையாட்டுப் பெட்டி

நோவி சாத்,
வியாழக்கிழமை, குழந்தை தூங்கும் நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் கிராதிமிர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் புதிதாக வெளிவரும் கேம்களுக்கு விமர்சனம் எழுதும் நெவெனா, குழந்தை விழித்துவிடுமே என்று போன் செய்யாமல், மின்னஞ்சலில் எழுதிக்கொள்வது. இங்கு நானும், குழந்தை ரெல்யாவும், எனக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருக்கும் மாமனார் ஷிவோராத்தும் எல்லா ஜன்னலையும் இறுக்கச் சாத்திக்கொண்டு சுகமாக வியர்த்துக்கொண்டிருக்கிறோம். என் கணவர் ஓக்ன்யென் தன்யூப் நதியில் சரக்குக் கப்பலோடு ருமேனியா பக்கம் போயிருக்கிறார். அங்கே அவருக்குக் காற்று வருகிறது என்று பொறாமையாக இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் இதே சுகத்தோடு, இதைவிடக் கொஞ்சம் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. இன்று மாலை அச்சுக்குப் போகிற இதழை, தயவு செய்து, என்ன பாடுபட்டாவது நிறுத்தி வையுங்கள். செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய மூன்று விமர்சனங்களில் இரண்டு தப்பு. அதுவும் தலைகீழான தப்பு. நீங்கள் இதை வாசிக்கும்போது அச்சகத்துக்கு ஆள் கிளம்பியிருந்தால் முதலில் அந்த ஆளைக் கூப்பிடுங்கள், அப்புறம் மீதியை வாசியுங்கள்.

தப்பாக என்ன எழுதினேன் என்பதை நானே திரும்ப எடுத்து எழுதுகிறேன், வெட்கத்தோடுதான். 'கடைசிப் படகு' என்கிற கேமைப் பற்றி, அதாவது நம்ம ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், சைக்கிள் நிறுத்துகிற அறையில் உட்கார்ந்து செய்த கேம், ஒரு படகுக்காரர் ஆட்களைக் கரையிலிருந்து கரைக்குக் கொண்டு சேர்க்கிற கதை, அதைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: "இந்தப் படகு நகர்வதைவிடத் தேங்கி நிற்பதே அதிகம். கதை முழுக்க ஓட்டை. பயணிகள் இந்தக் கரையில் நிற்கிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கரையில் நிற்கிறார்கள். நடுவில் ஆறு எங்கே போயிற்று? பத்துக்கு மூன்று." 'இரும்பு மழை' என்கிற, அயல்நாட்டிலிருந்து வந்த, விளம்பரமே வானத்தை மறைக்கிற அந்தச் சண்டை கேமைப் பற்றி: "போர் விளையாட்டுகளில் இத்தனை அமைதியை நான் கண்டதில்லை. குண்டு வெடிக்கும் சத்தம்கூடக் கேட்காத மௌனம். எதிரி துப்பாக்கியை நீட்டியபடி மரியாதையோடு காத்திருக்கிறான். திரை மெல்ல மங்கி, 'தொடர விருப்பமா?' என்றொரு கேள்வி எழுகிறது. போரைத் தொடரத்தான் வேண்டுமா என்று ஆடுபவரின் மனசாட்சியைத் தொடுகிற அந்த ஓர் இடத்துக்காகவே பத்துக்கு ஒன்பது."

மூன்றாவது, அந்த 'பசும்புல் பண்ணை' விமர்சனம் அப்படியே இருக்கட்டும். அதை விவசாய விளையாட்டு என்று போடாதீர்கள், பேய்க்கதை வரிசையில் போடுங்கள் என்று நான் சொன்னதற்கு நீங்கள் சிரித்தீர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா. கேமில் நமக்குக் கல்யாணமாகித் தொட்டிலில் குழந்தையும் வந்த பிறகு, அந்தக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு நம்மை மீன் பிடிக்கப் போகச் சொல்கிறார்கள். வீட்டில் வேறு யாரும் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. நான் ஆடிய நேரம் முழுக்க அந்தத் தொட்டில் பக்கத்திலேயே நின்றேன், வயலில் தக்காளி அத்தனையும் அழுகிப் போயிற்று, போகட்டும். இதை ஓய்வு நேரத்தில் ஆடி மகிழலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, போட்டவருக்குக் குழந்தை உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

சரி, தப்பு எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். வீட்டுக்குள் ஊடுகாற்று அடித்தால் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும் என்று நம்ம ஊரே நம்புவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போன ஜூலையில் உங்கள் அலுவலகத்தில் யாரோ எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் சேர்த்துத் திறந்துவிட்டதற்கு உங்கள் கணக்காளர் அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் லீவில் போகவில்லையா! ஆனால் அவரெல்லாம் என் மாமனாரிடம் பாடம் கற்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தால் எல்லாக் கதவும் சாத்தியிருக்க வேண்டும், ஒரு கதவு திறந்தால் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும், ரயில் தண்டவாளத்தில் சிக்னல் போடுகிற மாதிரி. குழந்தைகள் டாக்டர் காற்று நல்லது என்று சொன்னாரே மாமா என்றால், "அந்த டாக்டருக்கு இன்னும் முதுகு பிடிக்கல, பிடிக்கட்டும், அப்புறம் வந்து சொல்லச் சொல்லு" என்கிறார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நான் கூடத்தைக் கடந்து போனால் அவர் கண்ணைப் பொத்திக்கொள்கிறார், கொலை நடக்கிற இடத்தில் நிற்பவர் மாதிரி.

இப்படிப்பட்டவர் காதில் ஒரு நாள், டிவிக்குக் கீழே இருக்கும், நான் கேம் போட்டு ஆடுகிற விளையாட்டுப் பெட்டி உறுமுகிற சத்தம் விழுந்துவிட்டது.

"மருமகளே, இதுக்குள்ள என்ன உறுமுது?"

"காத்தாடி மாமா. பெட்டி சூடாகாம இருக்கறதுக்கு."

"காத்தாடியா? கொழந்த கால்மாட்டுல காத்தாடியா வச்சிருக்க?"

"அது சின்னது மாமா. உள்ளங்கை அளவுதான்."

"சின்னதுதான் மோசம். பெரிய காத்து வந்தா தெரியும், எந்திரிச்சுப் போயிடலாம். சின்னக் காத்து நைசா வந்து கழுத்துல ஏறிக்கும். எங்க ஸ்டேஷன்ல வெலிசார்னு ஒருத்தன். இப்படித்தான் சின்னக் காத்துன்னு உக்காந்தான், கழுத்து ஒரு பக்கமாவே பிடிச்சுக்கிச்சு. ரிட்டையர் ஆகற வரைக்கும் பெல்கிரேடுல இருந்து வர்ற ரயில மட்டுந்தான் பாத்தான். சுபோதிக்கா ரயில் அவன் முதுகுப் பக்கமாவே போயிட்டு வந்துச்சு."

சிரித்துவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

இப்போது நேற்றைக்கு வாருங்கள். லிஃப்டில் ஸ்த்ராஹின்யாவைப் பார்த்தேன். சைக்கிள் அறையில் கேம் செய்கிற மூன்று பேரில் இவன் ஒருத்தன், நெட்டையாக, எப்போதும் தலையில் சிலந்தி வலையோடு இருப்பான். இதழ் வெளிவருவதற்கு முன்னால் விமர்சகர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாலு மாடி ஏறுகிற லிஃப்டில், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் உருளைக்கிழங்கோடு, "எப்படிக்கா இருந்துச்சு?" என்று ஒருத்தன் கண்ணைப் பார்த்துக் கேட்டால் நான் எங்கே ஓடுவேன்?

"நிக்குதுப்பா," என்றேன்.

"எங்க நிக்குது?"

"எங்க பாத்தாலும் நிக்குது. நின்னா அப்புறம் எகிறிக் குதிக்குது. ஆத்தையே காணோம்."

அவன் முகம் மாவு பூசிய மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, ஆத்த வரைஞ்சது மிலித்சா. ரெண்டு வருஷமா வரைஞ்சா. உங்க பத்திரிகைல மூணு நாலுன்னு வந்துச்சுன்னா நாளைக்கே அவ வங்கி வேலைக்குப் போயிடுவா. அவ போயிட்டா படகுதான் இருக்கும், தண்ணி இருக்காது."

நான் மூன்று என்று சொல்லவே இல்லை. அவனாகவே சொன்னான். என் முகம் அப்படி.

இன்று காலையில் வாசல் மணி அடித்தது. கேம் ஏன் நிற்கிறது என்று பார்க்க, மடிக்கணினியை இடுக்கிக்கொண்டு வாசலில் அவன். மாமனார் சந்தைக்குப் போயிருந்தார். ஆனாலும் தரைக் குளிர் காலில் ஏறக் கூடாது என்று வருகிறவர்களுக்காக வாசலில் அவர் வைத்திருந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான், வளர்ப்பு அப்படி. டிவி முன்னால் மண்டியிட்டான், பெட்டியைத் தேடிக் கையை விட்டான், விட்ட கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டான்.

"அக்கா, உள்ள ஏதோ படுத்திருக்கு."

"என்னது படுத்திருக்கு?"

"முடி இருக்குக்கா. ஆடு மாதிரி."

இழுத்துப் போட்டால், என் மாமனாரின் கையில்லாத ஆட்டுத்தோல் சட்டை. உரோமம் உட்பக்கமாக, பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டு, என் பெட்டிக்குப் போர்த்தி வைத்திருந்தார். கழுத்துப் பட்டிகூட மடித்து விட்டிருந்தார். பெட்டி இருப்பது டிவி மேசையின் கீழ்த் தட்டில், முன்னால் ஒரு துணித் திரை வேறு. நான் குனிந்து பார்த்து எத்தனை நாளாயிற்றோ தெரியாது, குழந்தை பிறந்ததிலிருந்து கீழே விழுந்த எதையும் நான் குனிந்து பார்ப்பதில்லை. சட்டையை எடுத்துவிட்டு அவன் கேமைப் போட்டான். ஐயா, படகு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை, குதிக்கவில்லை. ஆறு இருந்தது. மிலித்சா வரைந்த ஆறு, கரையோரம் கலங்கலாக, நடுவில் பச்சையாக, நம்ம ஆறேதான்.

ஸ்த்ராஹின்யா அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்க கேம் கோடை வெயில்ல கம்பளி போட்டுக்கிட்டு ஓடியிருக்குக்கா," என்றான். பெட்டி அளவுக்கு மேல் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மூச்சு வாங்கி நின்றுவிடும் என்று விளக்கினான். எனக்கும் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. 'இரும்பு மழை'யின் எதிரி மரியாதையோடு காத்திருந்ததும், 'தொடர விருப்பமா' என்று கேட்டதும் மனசாட்சி இல்லை, ஆட்டுத்தோல். பெட்டி சூடு தாங்காமல் என்னிடம் கெஞ்சியிருக்கிறது, நான் அதற்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே ஐயா, 'கடைசிப் படகு'க்கு மூன்றை எட்டாக்குங்கள், 'இரும்பு மழை'க்கு ஒன்பதை ஐந்தாக்குங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெல்யா பிறந்தபோது நீங்கள் போனில், ஒரு வருஷம் வீட்டில் இரும்மா, அவசரமில்லை என்றீர்கள். குழந்தை பெற்றது என் தலை இல்லை, தலை நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். அதை இப்போது நீங்கள் நினைத்துப் பார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். என் கண் கூர்மையாகத்தான் இருக்கிறது. என் தீர்ப்பு தெளிவாகத்தான் இருக்கிறது. குழந்தைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எல்லாப் பழியும் அந்த ஆட்டுக்கு.

உங்கள் துணைவியாருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் கழுத்தும் இடுப்பும் எந்தக் காற்றும் படாமல் நெடுநாள் நிமிர்ந்து இருக்கட்டும், பத்திரிகையும் அப்படியே. மாமனார் இப்போது வீட்டில் இருந்தால் அவரும் இதையே சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
நெவெனா

பின்குறிப்பு: அனுப்பாமல் இருந்தது நல்லதாயிற்று. இதோ மாமனார் சந்தையிலிருந்து வந்துவிட்டார். சட்டையைத் தரையில் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டார். நான் விடவில்லை. உங்க ஆடு என் பேரைக் கெடுத்துடுச்சு மாமா, ஓடற பெட்டிக்கு யாராவது கம்பளி போத்துவாங்களா என்று பொரிந்து தள்ளினேன். அவர் பையைக் கீழே வைத்து, மிளகாயை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"ஓடறப்ப நான் எங்க போத்துனேன்? நீ கேமப் போட்டதும் எடுத்துடுவேன், அணைச்சதும் போத்துவேன். சூட்டோட இருக்கறது மேல காத்து படக் கூடாதுல்ல. கரண்ட் சாமான் மேல துணி போடுவேனா? என்ன பைத்தியம்னு நெனச்சியா?"

"அப்ப ஏன் மாமா நின்னு நின்னு போச்சு?"

"அது எங்க நின்னுச்சு? நீதான் நின்ன. தூங்கிட்ட பொண்ணே. அந்தப் பொத்தான் கட்டய கையில பிடிச்சுக்கிட்டே தூங்குவ, கண்ணு பாதி தெறந்திருக்கும். அந்தச் சண்ட கேமு இருக்கே, சத்தம் காதப் பொளந்துச்சு. ஒனக்குத் தூக்கம் கலையுமேன்னு சத்தத்தக் கொறச்சு, நான்தான் நிறுத்தி வச்சேன்."

'தொடர விருப்பமா' என்று என் மனசாட்சியைக் கேட்டது இவர்தான் ஐயா.

"சரி, படகு? அது எப்படி அக்கரைக்குப் போச்சு?"

அவர் எடுத்து வைத்த மிளகாயை மறுபடி அடுக்கினார். காது சிவந்துவிட்டது. "நீ தூங்கிட்ட. படகு அப்படியே நிக்குது. அந்தப் பக்கம் மழை கொட்டுது, ஜனங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு பொம்பள கையில கொழந்த வேற. யாராச்சும் கொண்டு போய் விட வேணாமா? தள்ளுனா போவுது, விட்டா நிக்குது, ரயில் மாதிரிதான். எல்லாரும் ஏறிட்டாங்களான்னு எந்திரிச்சு எண்ணிப் பாத்துத்தான் எடுத்தேன். விட்டுட்டு வந்தேன். நீ தூங்குனப்பல்லாம் விட்டுட்டு வந்தேன்."

ஐயா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். 'இரும்பு மழை'யை முழித்திருக்கிற யாரிடமாவது கொடுங்கள். 'கடைசிப் படகு'க்கு மூன்றும் வேண்டாம், எட்டும் வேண்டாம், மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டு, இதை மட்டும் அச்சில் போடுங்கள்: 'வாழ்க்கையில் எந்த கேமையும் தொடாத ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், திரையில் மழையில் நிற்கிறவர்களைப் பார்க்கப் பொறுக்காமல் படகை எடுத்தார். எல்லாரும் ஏறியாயிற்றா என்று எழுந்து நின்று எண்ணிப் பார்த்த பிறகுதான் கிளப்பினார்.' அதை வாசித்தால் மிலித்சா வங்கிக்குப் போக மாட்டாள்.

"நீ போய்ப் படு, கொழந்தைய நான் பாத்துக்கறேன்" என்று கன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கோழிக்கூடையோடு ஒரு கிழவி இன்னும் அக்கரையிலேயே நிற்கிறாளாம். நான் படுக்கப் போகிறேன், நீங்கள் சொன்ன அந்த ஒரு வருஷமும் எனக்கு வேண்டும். போன் அடிக்காதீர்கள், நடு ஆற்றில் அவர் எடுக்க மாட்டார்.