ஊட்டா அண்ணனின் ஒரே கேள்வி

மைசூரில் இருக்கும் அத்தனை பேரும் இன்று என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஊட்டா அண்ணன்தான். கர்நாடகத்திலேயே தமிழ் பேசும் கிராமமான மார்டள்ளிக்காரர். தேவராஜ மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோவில் காய்கறி ஏற்றி வருவார். எதிரே யார் வந்தாலும் "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று இந்த ஊரில் எல்லோரும்தான் கன்னடத்தில் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நின்று பதிலையும் கேட்பார். என்ன குழம்பு, என்ன பொரியல், அப்பளம் உண்டா என்பதுவரை விசாரணை போகும்.

ஒருமுறை ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்து, மடக்கிய போலீஸ்காரரிடமும் இதையே கேட்டார். போலீஸ்காரர் தன் மனைவி ஊருக்குப் போன கதையில் ஆரம்பித்து, தனக்கு ரசம் வைக்க வராத துக்கத்தில் முடித்தார். அபராதம் இருவருக்குமே மறந்துபோனது.

சாவு வீட்டிலும் கேட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இறந்தவரின் தம்பி காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரு தகரக் கொட்டகையில் நான் மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒரு நாள் அங்கே வந்து, செல்வி என்ற சிறுமியிடம் ஆரம்பித்தார்.

"என்ன கண்ணு சாப்பிட்ட?"

"பிரியாணி."

"எத்தன பீஸு இருந்துச்சு?"

செல்வி கூரையைப் பார்த்து யோசித்தாள். "நாப்பது."

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "ஏனுங் டீச்சர், பசிக்குதான்னு கேட்டா எல்லாரும் இல்லைம்பாங்க. என்ன சாப்பிட்டேன்னு கேட்டா யோசிப்பாங்க. அந்த யோசனையிலயே தெரிஞ்சு போயிருமுங்."

பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டை விட்டால் பல பிள்ளைகளுக்கு டீதான் ஆகாரம் என்பது அன்று தெரிந்தது. மறுநாளிலிருந்து விற்காத காய்களோடு வர ஆரம்பித்தார்; கொட்டகையிலேயே சமைத்தோம். விற்காமல் நிற்பது எப்போதும் சௌசௌதான். கூட்டு, சாம்பார், பொரியல் எல்லாவற்றிலும் சௌசௌ; பிள்ளைகளுக்கு அலுத்தே போனது. அரிசிக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

பிறகு ஒரு கிரானைட் வியாபாரி, பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்க முன்வந்தார். அதை அறிவிக்கக் கொட்டகையிலேயே விழா வைத்தோம். மைக்கைப் பிடித்த வியாபாரி கல்வியின் பெருமையை விடாமல் பேசினார். ஓரமாக இறக்கிவைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்க ஆரம்பித்தார்கள்.

ஊட்டா அண்ணன் எழுந்து நேராக அவரிடம் போனார். "சார், ஊட்டா ஆய்த்தா?"

வியாபாரி பேச்சை நிறுத்தி யோசித்தார். "காலையில ரெண்டு பிஸ்கட். சுகர் மாத்திரை வேற போட்டிருக்கேன்" என்றார். மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

"அப்ப முதல்ல சாப்பிடுங்க. பேச்சு எங்கீங் போயிரும்?"

கையைப் பிடித்துக் கூட்டிவந்து பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்தில் செல்வி. தன் இலையிலிருந்த சௌசௌ முழுவதையும் அவர் இலைக்கு மாற்றினாள்.

"நீங்க சாப்பிடுங்க அங்கிள்."

தன் பங்கையே குழந்தை கொடுத்துவிட்டதாக நினைத்து அவர் கண் கலங்கிவிட்டார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. படிப்புச் செலவோடு மாதா மாதம் அரிசியும் அனுப்புகிறேன் என்றார். அனுப்புகிறார்.

ஊட்டா அண்ணன் வந்தால் அன்றைய பாடம் போச்சு. அது தெரிந்தும், லோடு ஆட்டோ சத்தம் கேட்டதும் பிள்ளைகளை முந்திக்கொண்டு நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.