வீக்கத்துக்கும் முறை வைத்தவர்

பழவேற்காடு ஏரிக்கரையில் எதைப் பங்கு போட்டாலும் தராசு முள் அசையாமல் போடக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு. மீன், இறால், குழம்பு, நிழல், திட்டு என்று சகலத்தையும் பங்கு போட்டவர், கடைசியில் வைத்தியத்தையும் பங்கு போட்டார். அதில் மாட்டிக்கொண்டது என் கால்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. குப்பம் முழுக்க அவர் ‘நாயம் மாமா’. வாயைத் திறந்தால் “இன்னா நாயம் இது?” என்றுதான் ஆரம்பிப்பார். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பாதி வழியில் நிறுத்தச் சொல்லி, ஓரத்தில் உட்கார்ந்தவனை நடுவுக்கும் நடுவில் நசுங்கியவனை ஓரத்துக்கும் மாற்றுவார். மழைக்கு ஒதுங்கினால் ஒழுகாத இடத்தில் நிற்க முறை வைப்பார். இடது கைக்காரர். ஒரு டீயை வாங்கி இடது கையால் இரண்டு டம்ளரில் ஊற்றி, இரண்டையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, கூடியதிலிருந்து குறைந்ததற்கு ஒரு சொட்டைச் சாய்ப்பார். அதற்குள் டீ ஆறிப்போகும்.

அவர் மனைவி வள்ளி அத்தை சொல்வார்: “கல்யாணத்துல மாலை மாத்தினோமா, என் மாலைல பூ ஜாஸ்தின்னு நாலு பூவப் பிச்சி தன் மாலைல சொருவிக்கினாரு இந்த மனுசன்.”

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். யார் எங்கே எப்போது வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு, இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவன் நாளைக்கு அடுத்த இடத்துக்குப் போகும்படி சுற்றி விடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குப்பத்தில் ஓட்டுக்குச் சண்டை வரும், சம்பந்தத்துக்குச் சண்டை வரும், பாடு முறைக்கு மட்டும் வராது. அந்த முறையைப் பல காலமாகச் சொல்லி வந்தவர் நாயம் மாமா.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மீஞ்சூரில் மூட்டை தூக்கினேன், ஆரம்பாக்கத்தில் செங்கல் சுமந்தேன், சுண்ணாம்புக்குளத்தில் இறால் பண்ணைக்குக் காவல் இருந்தேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. நாயம் மாமா வலை இழுக்க ஆள் தேடியபோது வந்து சேர்ந்தேன். வலைக் கொட்டகையில் படுக்கை, அத்தை கையால் சோறு. கூப்பிடுவது ‘மீஞ்சூரு’ என்று. வெளியூரான் என்பதால் பாடு சீட்டில் எனக்கு முறை கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. மூட்டை தூக்கிய இடத்தில் மட்டும் முறை இருந்ததா என்ன?

போன வருஷம் ஒரு காலையில் வலையை உதறும்போது கெளுத்தி மீனின் முள் என் பாதத்தில் ஏறியது. “பாத்து எடுக்கக் கூடாதாடா?” என்று அதைப் பிடுங்க வந்த மாமாவின் வலது ஆள்காட்டி விரலில் இன்னொரு கெளுத்தி ஏறியது. அதிலும் சரிசமம்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் முகாம் போட்டிருந்தார். மீன் முள் குத்தினால் உடம்பு எப்படி வீங்குகிறது, மருந்து கொடுத்தால் எப்படி வடிகிறது என்று ஆராய்ச்சி. எங்களைப் போல முள் குத்திய சிலர் முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“முள்ளு குத்தினதும் உடம்பு சும்மா இருக்காது. அந்த இடத்துக்கு ரத்தம் ஓடி வரும். சிவக்கும், சுடும், வீங்கும். அளவா இருந்தா நல்லது, அளவு மீறினா ஆபத்து” என்றார் டாக்டரம்மா.

“புரியுது மேடம்” என்றார் மாமா. “குப்பத்துல ஒருத்தனுக்கு அடி வுழுந்தா பத்து பேரு ஓடியாருவானுங்க. அப்பால அந்தப் பத்து பேருதான் பேஜாரு.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குப் புரியவில்லை. வீக்கம் நல்லதா கெட்டதா என்று இன்றுவரை குழப்பம்தான்.

காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, வழக்கமான மருந்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஆளுக்கு ஒரு டப்பா மாத்திரை.

“சில டப்பாவுல புது மருந்து இருக்கும், சிலதுல வெறும் மாவு. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்குற மாதிரி குலுக்கிக் கொடுக்குறோம். எனக்கே தெரியாது.”

பக்கத்தில் கை வீங்கி உட்கார்ந்திருந்த தேசப்பன் எழுந்தே விட்டான். “உங்களுக்கே தெரியாதா? அப்பால இன்னாத்துக்கு மேடம் குடுக்குறீங்க?”

“உக்காருடா” என்றார் மாமா. சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், முறை எப்ப மாறும்?”

“மாறாது. கடைசி வரைக்கும் அவங்கவங்க டப்பா அவங்கவங்களுக்குத்தான்.”

வெளியே வந்ததும் மாமா பரிதாபமாகச் சொன்னார். “பாவம், படிச்ச புள்ள. சீட்டு போடத் தெரிஞ்சுகீது, சுத்தி வுடத் தெரில. ஒருத்தன் பூரா மருந்தத் துன்னுவான், இன்னொருத்தன் பூரா மாவத் துன்னுவானா? இன்னா நாயம் இது?”

மறுநாளிலிருந்து படகுத்துறையில் டப்பாக்கள் சுற்ற ஆரம்பித்தன. இன்றைக்கு என் டப்பா தேசப்பனுக்கு, தேசப்பனுடையது மாமாவுக்கு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. முறை என்று சொன்ன பிறகு என்ன கேள்வி?

ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தம் எடுத்தார்கள். வீக்கம் ஏறினால் ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு ஏறுமாம், வடிந்தால் இறங்குமாம். எங்கள் எல்லோருக்கும் அது ஊஞ்சல் ஆடியது. டாக்டரம்மா மெஷினைச் சந்தேகப்பட்டார், ஐஸ் பெட்டியைச் சந்தேகப்பட்டார், அப்புறம் நண்டைச் சந்தேகப்பட்டார்.

“நண்டு சாப்பிடாதீங்க.”

“நண்டும் துன்னக்கூடாதுன்னா இந்த ஊர்ல இன்னாத்துக்குக் குந்திகினு கீறோம்?” என்று வள்ளி அத்தை சண்டைக்குப் போனார்.

மற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீக்கம் வடிந்தது. என் காலுக்கு வடியவில்லை. ஈரம் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏரியில் வேலை செய்கிறவன் காலை எங்கே கொண்டுபோய் வைப்பது? முழங்கால் வரை பளபளவென்று ஏறி, காய்ச்சல் கண்டு, கொட்டகையில் சுருண்டேன். “காலையே எடுத்துடுவாங்களோ?” என்று அத்தை வெளியே யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது.

மாமா ஒரு டப்பாவோடு வந்தார். அத்தை கஞ்சியோடு பின்னால் வந்தார்.

“எல்லா டப்பாவையும் நக்கிப் பாத்துட்டேன் மீஞ்சூரு. எல்லாம் கசக்குது, தேசப்பன் டப்பாதான் படா கசப்பு. அதான் மருந்து. போட்டுக்கோ.”

“இன்னிக்கு அது உன் முறை ஆச்சே மாமா.”

“என் முறைய உனக்கு வுட்டுட்டேன். நாளைக்கும் உனக்குத்தான்.”

அத்தை கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். “கூடப் பொறந்த தம்பிக்கே ஒரு நாள் முறைய வுட்டுக் குடுக்காத ஆளாச்சே நீ!”

“அவனுக்கு முறை இருந்துச்சு. இவனுக்கு எந்தச் சீட்டுலயும் பேரு இல்லியே.”

சொல்லிவிட்டு வீங்கிய விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அது பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

கசப்பு மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் செங்கல்லை எண்ணச் சொல்லிப் பிதற்றினேனாம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடினார். அங்கே நடந்ததைப் பிறகு தேசப்பன் நடித்தே காட்டினான்.

“மேடம், பாடு தப்பிப்போச்சு” என்றாராம். பிறகு எல்லாவற்றையும் சொன்னாராம்.

டாக்டரம்மா ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். “எல்லாருமா மாத்திக்கிட்டீங்க?”

“ஒருத்தன வுடல மேடம். எவனுக்கும் கொறை வெக்காம பாத்துக்கினேன்.”

அவர் திட்டவில்லை. நேராக ஓடிவந்து என் காலைப் பார்த்து, ஜீப்பில் தூக்கிப் போடச் சொன்னார். மாமாவும் ஏறிக்கொண்டார். அவசரத்துக்கு எந்த டப்பாவில் என்ன என்று திறந்து பார்க்கும் ஏற்பாடு சென்னையில் இருந்ததாம். வழியில் போன் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார்.

“தேசப்பன் டப்பாவுல மருந்தே இல்லைங்க. மாவு.”

“மாவா? அப்பால இன்னாத்துக்கு அந்தக் கசப்பு?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்ல? அதுதானே நியாயம்?”

மாமா மடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை இன்னொரு தடவை நக்கிப் பார்த்தார். பொன்னேரி வரை நக்கிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள், பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். கால் தப்பியது. எங்கள் குப்பத்து ரத்தம் கணக்குக்கு உதவாது என்று டாக்டரம்மா மூட்டை கட்டினார். கிளம்பும்போது மாமாவிடம் கேட்டார். “அடுத்து நாங்க போற குப்பத்துலயும் பாடு உண்டா?”

“உண்டு மேடம். நான் வேணா கூட வந்து முறை சொல்லட்டுமா?”

“வேண்டவே வேண்டாம்!”

ஜீப் அன்றைக்குப் போன வேகத்தில் இந்த மணல் சாலையில் வேறு எந்த வண்டியும் போய் நான் பார்த்ததில்லை.

எனக்குக் கால் நன்றாக ஆகிவிட்டது. ஓர் இடத்தில் நிற்காத கால் என்னவோ இந்த ஊரில் நின்றுவிட்டது. மாமாவின் விரல்தான் இன்னும் மடங்கவில்லை. டீக்கடையில் அதே ஒரு டீ, அதே இரண்டு டம்ளர். ஆனால் இப்போதெல்லாம் என் டம்ளரில் ஒரு வாய் அதிகமாக விழுகிறது. ஒருநாள் காட்டிக் கேட்டேன்.

“விரலு மடங்க மாட்டேங்குது மீஞ்சூரு. ஊத்துறப்ப அளவு தப்புது. இன்னா செய்ய?” என்றார், ஏரியைப் பார்த்துக்கொண்டு.

கெளுத்தி குத்தியது வலது கையில். அவர் டீ ஊற்றுவது இன்றைக்கும் இடது கையால்தான். நான் அந்த ஒரு வாயையும் சேர்த்துக் குடித்துவிடுகிறேன்.