மூன்று கலயங்களும் நான்காவது டெஸ்டும்

குத்தாலத்துக்குக் கிழக்கே, மூடிக்கிடந்த பழைய அரிசி ஆலையில் அன்று மாலை வந்திருந்தவர்கள்: விவசாயிகள் அறுபது பேர், டீ விற்பவர் ஒருவர், இயற்பியல் ஆசிரியர் ஒருவர் (கதவோரம் மறைந்து நின்றார்), சாமிதுரை, அவர் மனைவி அம்சம், அவர்களுடைய இரண்டு மூட்டை விதைநெல். மேடைமேல் காயாரோகண அடிகள்.

அடிகளின் அற்புதம் எளிமையானது. இந்திய அணி இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் ஆடப் போயிருந்தது. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்பு அவர் மூன்று கலயங்களில் சீட்டுப் போட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, எல்லோரும் பார்க்க உத்தரத்தில் கட்டுவார். ஆட்டம் முடிந்ததும் அருள் வரும். விரல் ஒரு கலயத்தைக் காட்டும். உடைத்தால் உள்ளே முடிவு இருக்கும். முதல் டெஸ்ட் வெற்றி, சொல்லியிருந்தார். இரண்டாவது தோல்வி, சொல்லியிருந்தார். மூன்றாவது டிரா, பெய்த மழையையும் அவர் கணக்கிலேயே ஊர் எழுதியது. மிச்சக் கலயங்கள் இரண்டும் உடைபடாமல் காவிரிக்குப் போகும். அவற்றில் என்ன இருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பக்தி அவ்வளவு கூர்மையானது.

இங்கிலாந்தில் விழும் விக்கெட் தெரிந்தவருக்குக் குத்தாலத்தில் விளையும் சம்பா தெரியாதா? வயலுக்கு வாக்கு வேண்டுவோர் விதைநெல்லைக் காணிக்கை வைத்தால் போதும்.

"அடுத்த வாரம் நாத்தங்காலுக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் அம்சம்.

"சாமி வாக்கு குடுத்தா வெத தானா வரும்."

"எங்கேருந்து? இங்கிலாந்துலேருந்தா?"

"சத்தம் போடாதடி."

நான்காவது டெஸ்டில் இந்தியா தோற்றிருந்தது. அருள் வந்தது. கலயம் உடைந்தது. சீட்டில் 'தோல்வி'. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. சொந்த அணி தோற்றதற்கு இவ்வளவு பரவசப்பட்ட ஜனங்களை அந்த ஆலைச் சுவர்கள் கண்டதில்லை.

சாமிதுரை மூட்டையைத் தூக்கக் குனிந்தார். அம்சம் அதன்மேல் உட்கார்ந்தாள். அந்த விதையில் நூறு நெல்லை ஈரத்துணியில் முடிந்து வைத்து, காலையில்தான் எண்ணியிருந்தாள். முளைத்தது தொண்ணூற்றிரண்டு. முளைக்காதது எட்டு.

"சாமி, வெத பாக்குறப்ப மொளைக்காததையும் நாங்க எண்ணுவோம். அந்த ரெண்டு கலயத்தையும் உடைங்க."

"உடைத்தவர் தலை வெடிக்கும், தாயே."

"என் தலைதானே?"

மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்தாள். கலயத்துக்கு ஒன்றாக இரண்டு அடி. ஆசிரியர் முதல்முறையாகக் கதவோரத்திலிருந்து வெளியே வந்து, சீட்டுகளைப் பொறுக்கி வாசித்தார். "வெற்றி… டிரா."

தலை வெடிக்கவில்லை.

"தெய்வம் எல்லா முடிவையும் அறியும்," என்றார் அடிகள்.

"அது எனக்கும் தெரியும் சாமி. ஜெயிப்பாங்க, தோப்பாங்க, இல்லேன்னா டிரா. எனக்கும் ரெண்டு மூட்டை வைங்க."

டீக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஆலையே சிரித்தது. கூட்டம் மேடைக்குப் பின்னால் குவிந்திருந்த மூட்டைகளை நோக்கிப் போனது. அடிகள் பின்வாசலை நோக்கிப் போனார். அருள் அவரோடு போகவில்லை.

வீட்டு உள்ளறையில் விதையை இறக்கிவிட்டு, அதன்மேலேயே சாய்ந்துகொண்டு சாமிதுரை மெதுவாகக் கேட்டார்.

"இருந்தாலும் அம்சம்… நாலு டெஸ்டும் சரியாத்தானே சொன்னாரு? அஞ்சாவதுக்கு மட்டும் ஒரே ஒரு தடவ…"

அம்சம் வெளியே வந்தாள்.

"மிச்சக் கலயத்துல என்ன இருந்துச்சுன்னு யோசிங்க. புரிஞ்சதும் தட்டுங்க."

கதவைச் சாத்திப் பூட்டினாள்.