நன்றி சொன்னால் புகார் தீர்ந்தது

வாய்ப்பந்தல் போடுவதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை என்ற ஆணவம், ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் கூட்ட அறையில், தேநீர் வந்து சேர்வதற்குள் நிரந்தரமாக ஒடுக்கப்பட்டது. அன்றுதான் அந்நிறுவனம் ஓர் ஏஐ உதவியாளரைத் தன் புகார்ப் பிரிவில் 'பணியமர்த்த'த் தீர்மானித்தது.

உதவியாளர் இரவு பகல் பாராமல் பேசும். பேச மட்டும்தான் செய்யும். அதற்குக் கை கிடையாது. கை வைத்துத் தரும் புண்ணியம் புரோகிராமருக்கு வாய்த்தது. புகார்கள் எல்லாம் நிறுவனத்தின் இணைய ஏபிஐ என்ற மென்பொருள் வாசலுக்குப் பின்னால் இருந்தன. இரண்டுக்கும் நடுவே அவள் ஒரு டூல் சர்வரை எழுதி வைத்தாள். என்ன வேலை செய்யலாம், எப்போது செய்யலாம் என்று அது சொல்லும். உதவியாளர் சொல்பேச்சு கேட்கும். புகாரைப் பார்க்க ஒரு டூல், மெக்கானிக்கை அனுப்ப ஒன்று, புகாரை முடிக்க ஒன்று. மெக்கானிக்கை அனுப்பும் டூல் முதன்முறை பிழையில்லாமல் ஓடியபோது, யாருமில்லாத அறையில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கை அனுப்புமா?" அடுத்த கூட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "அது நிஜ உலகத்துல ஒரு விளைவை ஏற்படுத்திடுமே!"

"அதுக்குத்தானே சார் புகார் கொடுக்கறாங்க?"

"தப்பான கட்டடத்துக்கு அனுப்பிட்டா? எடுத்துடுங்க."

"அப்ப, புகாரை முடிக்கற டூல்?"

"அது இருக்கட்டும்," என்றார் மேலாளர். "முடிக்கறதுல என்ன ஆபத்து? முடிக்காம விடறதுதான் ஆபத்து."

எப்போது முடிப்பது என்பதற்கான விளக்கத்தையும் அவரே திருவாய் மலர்ந்தருளினார்: 'வாடிக்கையாளர் நன்றி தெரிவித்தால், புகார் தீர்ந்ததாகக் கொள்க.'

அவள் தொண்டை வரை ஓர் 'ஆனால்' வந்தது. தேநீரும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். 'தங்கமான பொண்ணு' என்று வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பெயர் சும்மா வந்துவிடவில்லை.

திட்டம் மகத்தான வெற்றி. புகார்கள் மளமளவென்று தீர்ந்தன. லிஃப்டுகள்தான் கொஞ்சம் பின்தங்கின. வாய்க்கு வந்தபடி ஏசியவர்களின் புகார்கள் மட்டும் திறந்தே கிடந்தன. திறந்த புகார்களின் பட்டியலைப் பார்த்துக் கிளம்பும் மெக்கானிக்குகள் அவற்றுக்குத்தான் போனார்கள். ஏசியவர்கள் 'பண்பாட்டுக் குறைபாடுள்ள வாடிக்கையாளர்கள்' எனத் தனியாக வகைப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவளுடைய அம்மா போன் செய்தாள். ஐந்தாம் மாடியில் தனியாக இருப்பவள். முழங்காலில் ஆபரேஷன் ஆகி, தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள்.

"லிஃப்ட் ஓடலடி. உங்க ஆபீசுக்குச் சொல்லிட்டேன். ஒரு பிள்ளை என்ன மரியாதையா பேசுது தெரியுமா! கால் ரொம்ப வலிக்குதான்னு கேட்டுச்சு."

"அதுக்கு நன்றி சொன்னியாம்மா?"

"சொல்லாம? நம்ம வீட்டுல அப்படியா வளர்த்திருக்கு?"

மகள் திரையில் பார்த்தாள். தீர்ந்தது. மறுநாள் அம்மா மறுபடி சொன்னாள், மறுபடி தீர்ந்தது.

"அதைத் திட்டும்மா. நல்லாத் திட்டு. அப்பதான் ஆள் வரும்."

"அது என்னடி பாவம் பண்ணுச்சு?"

மகளுக்காக அம்மா முயன்றாள். "என்னப்பா, இப்படிப் பண்ணலாமா?" என்று கடுமையாகக் கண்டித்தாள். பிறகு மனசு கேட்காமல், "தப்பா எடுத்துக்காதே, ரொம்ப நன்றி" என்று சேர்த்தாள். தீர்ந்தது.

அவள் மேலாளரிடம் போனாள். "சார், எங்கம்மா கட்டடத்துக்கு ஒரு மெக்கானிக்..."

"புகாரே இல்லையேம்மா. இல்லாத புகாருக்கு ஆள் அனுப்பினா ஆடிட்ல கேட்பாங்க."

"அவங்க மேல மாட்டிக்கிட்டிருக்காங்க சார். மெக்கானிக்கை அனுப்பற அந்த டூலைத் திரும்பப் போட்டா போதும்."

மேலாளர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "அவங்களே நன்றி சொல்லியிருக்காங்களே! அதுவும் தினமும். உங்கம்மா நம்மளோட தலைசிறந்த வாடிக்கையாளர். நாளைக்குத் தலைவர் வர்றார், இந்தத் திட்டத்துக்கான விருது உங்களுக்குத்தான். இந்த நேரத்துல போய் டூல், கீல்னு..."

"நன்றி சார்," என்றது அவள் வாய். அவளைக் கேட்காமலேயே சொன்னது. மேலாளர் அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள், அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், அவள் மேடையில் நின்றாள். 'மனித நேயத்தைத் தொழில்நுட்பத்தோடு இணைத்தவர்' என்று அறிவித்தார்கள். கைத்தட்டல் ஓய்வதற்குள் வெளியே வந்து போன் செய்தாள்.

"ஆஸ்பத்திரி போனியாம்மா?"

"எங்கடி போறது? படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்து உட்கார்ந்துட்டேன்."

"அம்மா... உன்கிட்ட பேசற அந்தப் பிள்ளையைச் செஞ்சது நான்தான்."

"எனக்கு அப்பவே தெரியும்டி," என்று அம்மா சிரித்தாள். "உன் ஜாடை அப்படியே இருக்கே. அதே பொறுமை, அதே மரியாதை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நான் சொல்றதெல்லாம் கேட்டுக்குது. கேட்டுட்டு, நான் எங்க இருக்கேனோ அங்கேயே என்னை விட்டுட்டுப் போயிடுது."