பூச்சி எழுதச் சொன்ன கடிதம்

தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீயும் சுகம் என்று உன் மகன் சொன்னான். ‘அன்புள்ள’ என்று போடவில்லை, கவனித்திருப்பாய். அம்மாவின் தையல் மெஷினை நீ தூக்கிக்கொண்டு போனது ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணி. ஊசி டப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாகிறது, மறக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உன் பூனை. உனக்குக் கால் சரியாகும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் பெரியம்மா என்று உன் மகன் கூடையோடு வைத்துவிட்டுப் போனான். எனக்குப் பூனையே ஆகாது, உனக்கே தெரியும். மூன்றாம் நாள் சமையலறையில் ஒரு எலி, ஓடாமல் ஒளியாமல், நேராக நடந்துபோய் உன் பூனையின் மூக்குக்கு முன்னால் உட்கார்ந்தது. உன் வளர்ப்பாயிற்றே, பூனை பீரோ மேல் ஏறிக்கொண்டது. எலியைத் துடைப்பத்தால் விரட்டியது நான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் பேத்தி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எலி மூளைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சி இருக்குமாம். அது குடும்பம் பெருக்குவது பூனை வயிற்றில்தானாம். அதற்காக எலியின் பயத்தைப் போக்கி, பூனை வாடையைத் தேடிப் போகவைக்குமாம். எலியோ தன் இஷ்டத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டு போகும்.

மனுஷருக்கும் வருமா என்று கேட்டேன்.

“பூனை அசிங்கம் பண்ற மண்ண அள்ளினா வரலாம் பாட்டி. ஆனா மனச மாத்துமான்னு உறுதியா யாருக்கும் தெரியல.”

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மண்ணைத் தினமும் அள்ளுவது யார்? நாலாம் நாள் மீன் தலையை அதற்கு வைத்தேன். ஆறாம் நாள் என் தலையணையில் படுக்க விட்டேன். எட்டாம் நாள், நாம் இருவரும் ஒரே துணியில் கவுன் போட்டு நிற்கும் போட்டோவைத் தேடியெடுத்துத் துடைத்தேன். நேற்று உன் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று யோசித்து நின்று பாலைப் பொங்கவிட்டேன். இதெல்லாம் நான் செய்கிற காரியமா? எலியைப் பூனையிடம் தள்ளின பூச்சி, என்னைப் பூனைக்காரியிடம் தள்ளுகிறது.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும்வரை பூச்சி சொல்வதை எழுதுகிறேன்: உன் வீட்டுப் படி இருபத்திரண்டு, இங்கே ஒன்றுகூட இல்லை. கால் தேறும்வரை இங்கே வந்து இரு. ஜன்னலோரக் கட்டில் உனக்கு. அழைப்பது பூச்சி, நானில்லை.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உனக்கு, முழங்காலுக்கு மட்டும்.

இப்படிக்கு,
பூச்சி பிடித்த அக்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பேத்தி வந்துவிட்டாள். என் ரத்தத்தில் பூச்சியே இல்லையாம். இரண்டு தடவை கேட்டேன், இல்லவே இல்லையாம். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. அதனால் மேலே ‘தங்கைக்கு’ முன்னால் ‘அன்புள்ள’ சேர்த்துப் படித்துக்கொள். இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறேன். வரும்போது மெஷினைக் கொண்டு வா. ஊசி டப்பாவையும்.