கேதீஸ்வரன் மச்சம் விட்ட கதை

ஒரு மனிதன் ஆட்டிறைச்சியை விடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். டொக்டர் வெருட்டியிருக்கலாம். சாமியார் யாராவது கனவில் வந்திருக்கலாம். கொக்குவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் கேதீஸ்வரன் அதை விட்டது அருளம்பலத்தின் மேல் இருந்த கோபத்தில்.

அவர் வீடு இருக்கும் சின்னத் தெருவான ஒழுங்கையின் முகப்பில் இருக்கும் வைரவர் கோயிலின் பரிபாலன சபைக்கு அருளம்பலம்தான் தலைவர். அவர் எப்போது தலைவரானார் என்பது வைரவருக்கே மறந்திருக்கும். போன வருஷத் தேரன்று, வடம் பிடிக்கவென்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்த கேதீஸ்வரனை அவர் மைக்கிலேயே மறித்தார். "மச்சம் தின்னுற ஆக்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ" என்றார்.

மீனோ, இறைச்சியோ, முட்டையோ, யாழ்ப்பாணத்தில் எல்லாம் மச்சம்தான். ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் அதைத் தின்கிறவர்கள். ஆனால் மைக்கைப் பிடித்தவர் பார்த்தது கேதீஸ்வரனை மட்டும். வீதியில் நின்ற சனம் சிரித்தது. கேதீஸ்வரன் பின்னுக்குப் போய், கச்சான் கடலை விற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று தேர் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அடுத்த தேருக்கு அவர் தலைவராக நிற்க வேண்டும், அருளம்பலம் கச்சான்காரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சபை விதிப்படி தலைவராக வருகிறவர் சைவ போசனம் உண்பவராக இருக்க வேண்டும். ஆகவே தைப்பூசத்தன்று, அன்னதானத்துக்குச் சனம் குந்தியிருந்த நேரம் பார்த்து, அதே மைக்கைப் பிடுங்கி அறிவித்துவிட்டார். வைரவர் சாட்சியாக இன்றிலிருந்து மச்சம் தொடமாட்டாராம். பங்குனியில் நடக்கும் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு நிற்பாராம். சனம் கைதட்டியது. சாம்பார் வாளியோடு நின்ற மனைவி உதயகலா மட்டும் தட்டவில்லை. கையில் வாளி இருந்தது என்று அவர் சமாதானம் செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, ஏலுமோ?"

"ஆம்பிளை சொன்னால் சொன்னதுதான்."

"அதைக் கேக்கேல்லை. ஏலுமோ எண்டு கேட்டனான்."

"ஏலும், ஏலும். நீர் இருந்து பாரும்."

உதயகலாவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து சைவம். ஆனாலும் கலியாணம் முடித்த நாள் தொடக்கம் பின்கொட்டிலில் தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் அவருக்கு மீனும் இறைச்சியும் காய்ச்சிக் கொடுத்தவள். ஒருநாளும் உப்புப் பார்த்ததில்லை. கறி கொதிக்கிற மணத்தை வைத்தே உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு என்று சொல்லிவிடுவாள். அன்று பின்னேரமே சட்டிகளைச் சாம்பல் போட்டு மினுக்கிக் கவிழ்த்துவிட்டாள்.

முதல் கிழமை வீறாப்பில் ஓடியது. இரண்டாவது கிழமை பக்கத்து வீட்டில், ஆடு அடித்துப் பங்கு போட்ட இறைச்சி வாங்கிக் காய்ச்சினார்கள். கேதீஸ்வரன் மதிலோரம் போய், முருங்கையில் மசுக்குட்டிப் புழு இருக்கிறதா என்று ஒரு மணித்தியாலமாகப் பார்த்தார். மசுக்குட்டி இருக்கவில்லை. மத்தியானம் பூசணிக்காயும் பருப்பும் இலையில் விழுந்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

அடுத்து வந்த புதன்கிழமை, பென்ஷன் விஷயமாக ரவுணுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மீனவர் ஊரான குருநகருக்குப் போனார். அங்கே சந்தியோகு இருக்கிறான். ஒரே தபாற்கந்தோரில் ஒன்றாக வேலை பார்த்த பழைய கூட்டாளி, கத்தோலிக்கன். அவன் மனைவி பெர்னடெட் ஆட்டிறைச்சி காய்ச்சினால் அது ஒரு தனிக் காய்ச்சல். போகும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே நெற்றித் திருநீற்றைத் துடைத்துக்கொண்டார். திருநீற்றோடு மச்சம் தின்னக் கூடாது என்கிற அளவுக்கு அவரிடம் பக்தி இருந்தது.

கேற்றைத் திறந்த சந்தியோகுவின் நெற்றியில் சாம்பல்.

கேதீஸ்வரன் திடுக்கிட்டுவிட்டார். "என்ன ஐசே, நீரும் சைவத்துக்கு மாறிட்டீரோ?"

"இண்டைக்கு விபூதிப் புதன் ஐசே. கோயிலாலை இப்பத்தான் வாறம். தவக்காலம் தொடங்குது. கஞ்சி இருக்கு, குடிக்கிறீரோ?"

கஞ்சி குடிக்கவா கொக்குவிலிலிருந்து வந்தார்? புருஷன் பெண்சாதி இருவரையும் இருத்தி, தன் கஷ்டம் முழுவதையும் கொட்டினார். மீன் வேண்டாம், மீன் மணம் கையில் நிற்கும், உதயகலா கண்டுபிடித்துவிடுவாள். ஆடுதான் வேண்டும். பெர்னடெட் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள்.

"ஆனா அண்ணை, நான் எலும்பெல்லாம் எடுத்துப்போட்டுத்தான் காய்ச்சுவன். எலும்பைச் சூப்பினியள் எண்டால் மீசையிலை மணக்கும். அக்கா பிடிச்சிடுவா."

இப்படி ஒரு முன்யோசனை உள்ள பெண்ணை வாழ்க்கையில் கண்டதில்லை என்று கேதீஸ்வரன் நினைத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பண்ணிசை வகுப்புக்குப் போனார். வீட்டில் சொன்னது அப்படித்தான். சைவத்தில் இறங்கிவிட்டால் முழுதாக இறங்க வேண்டும், தேவாரமும் படிக்க வேண்டும் என்றார். உதயகலா வெள்ளை வேட்டி தோய்த்து மடித்துக் கொடுத்தாள்.

குருநகரில் அவர் சாப்பிட்ட இடம் வலை அடுக்கியிருக்கும் அறை. கதவு சாத்தியிருக்கும். வெளியில் சந்தியோகு காவல் இருப்பான். ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தால்கூடத் தட்டை வலைக்கு அடியில் தள்ளிவிடுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, சத்தம் தூரப்போனதும் மறுபடி கவளம் உருட்டுவார். கறி கறுத்து, எண்ணெய் கக்கி, தும்பு தும்பாகப் பிரிந்து, பெருஞ்சீரகம் மணந்துகொண்டிருக்கும். இது எந்த ஊர் ஆடு என்று ஒருநாள் கண் கலங்கக் கேட்டார். நெடுந்தீவு ஆடு என்றான் சந்தியோகு.

ஆனால் தின்பது பெரிய வேலையில்லை. வீட்டுக்குத் திரும்புவதுதான் பெரிய வேலை. வந்ததும் உதயகலா எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு என்ன படித்தீர்கள், பாடுங்கோ என்பாள். அதற்காக அவர் பஸ்ஸில் வரும்போதே ஃபோனைக் காதில் வைத்துத் தேவாரம் பாடமாக்கினார். ஆட்டிறைச்சி தின்பதற்காக மனிதர் நாலு பதிகம் மனப்பாடம் செய்துவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் கிட்ட வந்து, சால்வையை வாங்கி, ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவாள். பிடித்தாளா, பிடிக்கவில்லையா? அவள் சண்டை பிடித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரவில் வைரவர் தன் நாயோடு மதில் பக்கம் நடப்பது போலவே இருக்கும்.

பங்குனி வந்தது. கோயில் மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. ஒருபக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். கேதீஸ்வரனின் பெயரைப் பிரேரித்தார்கள், ஆமோதித்தார்கள். கை உயர்த்தச் சொல்லப்போகிற நேரம் அருளம்பலம் எழும்பினார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி கேதீஸ் பண்ணிசை படிக்கிறாராம். நல்ல விஷயம். ஞாயிற்றுக்கிழமையிலை குருநகரிலை எந்த ஓதுவார் படிப்பிக்கிறார் எண்டு சொன்னால் நாங்களும் போகலாம்."

சிரிப்பு எழுந்தது. கேதீஸ்வரனின் காது சுட்டது. யாரோ கண்டிருக்கிறார்கள்.

அருளம்பலம் குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. பூசகரிடம் கற்பூரம் கேட்டார். "கேதீஸ் தைப்பூசத்துக்குப் பிறகு மச்சம் தின்னேல்லை எண்டு சொல்லி அணைக்கட்டும். அணைச்சால் நானே அவருக்குக் கை உயர்த்திறன்."

வைரவர் வாசலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பொலிசும் கோர்ட்டும் அதற்குப் பிறகுதான். வேலிச் சண்டையில் பொய்க் கற்பூரம் அணைத்த ஒருவருக்கு அந்த வருஷமே வாய் பேசாமல் போனது என்று ஒழுங்கை முழுக்க நம்பியது. கேதீஸ்வரனும் நம்பினார்.

பூசகர் கல்லில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். கேதீஸ்வரன் முன்னே போய் நின்றார். திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். உதயகலா முந்தானையைப் பிடித்தபடி இருந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் கையைத் தூக்கினார். ஒரு சொல்தான். தின்னேல்லை. அதைச் சொல்லிவிட்டால் தலைவர். தேர் வடத்தின் முதல் இடம் அவருக்கு. சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்கக் கச்சான்காரி பக்கம். சுவாலை பாதியாக இறங்கியது. வைரவரின் வெள்ளிக் கண் இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வாயால் பொய் சொன்னால் நாளைக்கு உதயகலாவைக் கூப்பிடக் குரல் இருக்குமோ என்று ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரிதாக இருந்தது.

கையை இறக்கினார்.

"திண்டனான்" என்றார். "ஞாயிற்றுக்கிழமையிலை திண்டனான். ஆடு."

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. கேதீஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் இருந்தார். அந்த நேரம் பார்த்து அருளம்பலம் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"எனக்குத் தகுதியில்லை" என்று கேதீஸ்வரன் கத்தினார். "ஆனால் என்ரை வீட்டிலை ஒரு ஆள் இருக்கிறா. இவ்வளவு காலம் எனக்கு மச்சம் காய்ச்சித் தந்தும் ஒருநாள் உப்புப் பாக்காத ஆள். அவவைவிடச் சைவம் இந்த ஊரிலை ஆர்? தலைவர் பதவிக்கு உதயகலாவைப் பிரேரிக்கிறன்."

பெண்கள் பக்கத்திலிருந்து, ஆமோதிக்கிறேன் என்று ஒரு குரல் கேட்டது. மகாதேவி. அருளம்பலத்தின் சொந்த மனைவி. வீட்டிலும் கோயிலிலும் ஒரே தலைமையின் கீழ் இருந்து அலுத்தவள். அவளுக்குப் பின்னால் பெண்கள் பக்கம் முழுக்கக் கை எழும்பியது. ஆண்கள் பக்கத்தில் எழும்பிய கைகள், மனைவிமார் திரும்பிப் பார்த்த பிறகு எழும்பியவை. அருளம்பலம் மைக்கை உதயகலாவின் கையில் கொடுத்துவிட்டு, பின்வரிசையில் போய்க் குந்தினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேதீஸ்வரனுக்கு வெட்கம் போய் மெல்ல மெல்ல உற்சாகம் வந்தது. யோசித்துப் பார்த்தால் இதுவும் வெற்றிதானே. மனைவி தலைவர் என்றால் அதிகாரம் யாருடையது? கையெழுத்தை மட்டும் வையும், மிச்சமெல்லாம் நான் பார்த்துக்கொள்ளுகிறேன் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். உதயகலா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீங்கள் திண்டது ஆடில்லை" என்றாள்.

"என்ன?"

"பலாப்பிஞ்சு. எங்கடை வீட்டு வளவு மரத்துப் பிஞ்சுதான். சனிக்கிழமையிலை நீங்கள் நித்திரை கொள்ளேக்கை சந்தியோகு அண்ணை வந்து கொண்டுபோறவர்."

"அவன் நெடுந்தீவு ஆடெண்டவனே."

"தவக்காலம் முடியுமட்டும் பெர்னடெட் வீட்டு அடுப்பிலை இறைச்சி ஏறாது. இவ்வளவு காலம் பழகியும் உங்களுக்கு அது தெரியேல்லை. விபூதிப் புதனிலை ஆரும் ஆட்டிறைச்சி கேட்டுப் போவினமோ? அண்டைக்கே அவ எனக்கு ஃபோன் எடுத்துப்போட்டா. வைரவருக்கு முன்னாலை சொல்லிப்போட்டு மனுசன் வாக்கு முறிக்கப்போகுதே எண்டு அவவின்ரை யோசனைக்கு நான்தான் பலாப்பிஞ்சு ஒழுங்கு பண்ணினனான்."

கேதீஸ்வரன் ஒழுங்கை நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டு விலத்திப் போனார்.

"அப்ப நான் சைவம்."

"ஓம். தைப்பூசத்திலையிருந்து சுத்த சைவம்."

"நான் கற்பூரத்தை அணைச்சிருக்கலாம்."

"வடிவாய் அணைச்சிருக்கலாம்."

"நீர் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீர். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"கேட்டது உங்களை. பொய் சொல்லப்போறியளோ, உண்மை சொல்லப்போறியளோ எண்டு நானும் பயந்து பயந்துதான் பாத்துக்கொண்டிருந்தனான்." அவள் குரல் கொஞ்சம் இளகியது. "உண்மையைச் சொல்லிப்போட்டியள். எனக்குச் சந்தோஷம்."

அவளுக்குச் சந்தோஷம். செய்யாத குற்றத்தை ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு, கைக்கெட்டிய பதவியைத் தானே தூக்கி அடுத்த ஆளின் கையில் கொடுத்த மனிதர் கேற் வரைக்கும் ஒழுங்கைக் கல்லை உதைத்துக்கொண்டு வந்தார். பிறகு, விழுந்ததிலும் ஏதாவது மிஞ்சாதா என்று தேடினார். பதவிதான் இல்லையே. இனி விரதம் யாருக்கு? நாளைக்குச் சந்தையில் நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கி வரட்டோ என்று மெல்லக் கேட்டார்.

"தலைவரின்ரை வீட்டிலை மச்சம் புழங்கேலாது" என்றாள் உதயகலா.

"விதி தலைவருக்குத்தானே. தலைவரின்ரை புருஷனுக்கில்லையே."

தலைவர் கேற்றைத் திறந்து உள்ளே போய், திரும்பி நின்று, மறுபடி அரைவாசி சாத்தினார். ஒழுங்கையில் அருளம்பலமும் மகாதேவியும் வந்துகொண்டிருந்தார்கள்.

"சைவமெண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை வாங்கோ."

"சைவம்" என்றார் கேதீஸ்வரன்.